அமெரிக்கா தேசத்துச் சைவ எறும்பு

என் ஆயுளில் நான் செய்த பிரசங்கம் ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பிறகு யாரும் என்னைப் பேசக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருநெல்வேலி டவுனில் ஒரு ஹைஸ்கூலில் கணக்கும் இயற்கைப் பாடமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி எட்டு மாதம். என் மனைவி அம்பாசமுத்திரத்துப் பக்கம். வயல்காட்டுக்கு நடுவில் வளர்ந்தவள். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். கேள்வி கேட்பதில் மட்டும் எங்கள் ஹெட்மாஸ்டரை விடக் கெட்டிக்காரி.

தேர் ஓடும் வீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் சபை கூடும். சைவத்தை வளர்ப்பது சபையின் நோக்கம். அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வாராவாரம் கூடினோம். அங்கத்தினர் எல்லாரும் நிலம் உள்ளவர்கள், அல்லது நிலத்தை விற்று வக்கீல் ஆனவர்கள். இரண்டிலும் சேராத என்னை எதற்குச் சேர்த்தார்கள் என்றால், கலெக்டர் ஆபீசுக்கு இங்கிலீஷில் மனு எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது.

சபைத் தலைவர் பெரிய மிராசுதார். அறுபது வயது, நல்ல ஆகிருதி, நெற்றி நிறைய விபூதி. அம்பாசமுத்திரத்துக்கு அந்தண்டை ஆற்றுப் பாசனத்தில் அவருக்கு வயலும் தோப்பும் இருந்தன. வருஷத்துக்கு இரண்டு தடவை போய் மேற்பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை முழுவதும் வில்வண்டிக்கு உள்ளிருந்துதான். வெங்காயம், பூண்டு, காளான் மூன்றும் தன் வீட்டு வாசற்படி ஏறியதில்லை என்று சபையில் அடிக்கடி சொல்லுவார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. அவர் சொன்னதை யாரும் மறுத்துப் பேசியதே இல்லை, அவ்வளவுதான். அறுபது வருஷம் அப்படி வாழ்ந்தால் யாராயிருந்தாலும் கொஞ்சம் அப்படித்தான் ஆகிவிடுவார்கள்.

அந்த வருஷம் அவர் மனசில் ஒரு முள் தைத்திருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு டாக்டர் டவுன் வாசகசாலைக்கு வந்து தேக ஆரோக்கியம் பற்றிப் பேசினார். பேச்சோடு பேச்சாக, "இந்தப் பக்கத்துச் சைவர்களுக்கு ரத்தம் போதாது. ஒரு முட்டையாவது சாப்பிட்டால் தேவலை" என்று சொல்லிவிட்டுப் போனார். முட்டை என்ற சொல்லைத் தன் காது கேட்க ஒருத்தன் சொல்லிவிட்டானே என்று தலைவருக்கு ஒரு வாரம் தூக்கம் இல்லை. பதிலடி கொடுக்கச் சபை தவித்துக்கொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் சபைக் காரியதரிசி என்னை வழியில் பிடித்தார். அவர் வக்கீல். ஒல்லியான உடம்பு, மூக்குப்பொடி வாசனை, எப்போதும் கையில் ஒரு காகிதம்.

"வே சார்வாள், அடுத்த மாசப் பிரசங்கத்துக்கு ஆள் இல்ல. நீரு பேசும்."

"எனக்கு என்ன அண்ணாச்சி தெரியும்?"

"இப்ப என்ன படிச்சிக்கிட்டு இருக்கேரு?"

"எறும்பைப் பத்தி ஒரு புஸ்தகம். ஹெட்மாஸ்டர் அலமாரியில கிடந்துது. அமெரிக்காவுல ஒரு எறும்பு இருக்காம். வரிசையா மரத்துல ஏறி, இலையைக் கத்தரி வச்ச மாதிரி நறுக்கி, தலைக்கு மேல குடை கணக்காப் பிடிச்சிக்கிட்டுப் புத்துக்குப் போகுதாம். தன் எடையைப்போலப் பல மடங்கு தூக்குதாம். ஒரே ராத்திரியில ஒரு தோட்டத்தையே மொட்டை அடிச்சிருமாம்."

வக்கீல் நின்றுவிட்டார். "இலையா? இலை மட்டுமா? புழு பூச்சி ஒண்ணும் இல்லியா?"

"நான் படிச்ச மட்டும் இலைதான்."

நான் படித்தது பாதி அத்தியாயம். அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெரிய மனுஷர் ஒருவர் நம் பேச்சைக் கேட்டு நடுத்தெருவில் நிற்கும்போது, மிச்சத்தை இன்னும் படிக்கவில்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

நாலாம் நாள் நோட்டீசு அச்சாகி வந்துவிட்டது. பச்சைக் காகிதத்தில் கொட்டை எழுத்து: 'அமெரிக்கா தேசத்துச் சைவ எறும்பு. மாமிசமின்றி மகா பலம்!' கீழே என் பெயர் சின்னதாக, தலைவர் பெயர் பெரிதாக. பாளையங்கோட்டை டாக்டருக்குத் தனி ஆள் மூலம் ஒரு நோட்டீசு போயிற்று.

அன்று சாயங்காலம் பெருமையோடு அந்த அத்தியாயத்தை மனைவிக்குத் தமிழில் சொன்னேன். அவள் புளியில் கோது நீக்கிக்கொண்டே கேட்டாள்.

"அத்தான், ஒரு தோட்டத்து இலையையும் அந்தப் பொடிசுகளா திங்குது?"

"ஆமா."

"அதுக்கு வயிறு எங்கன இருக்கு? ஒரு ஆட்டு மந்தை திங்கிறதை எறும்பு திங்குமா? இலையைக் கொண்டுபோயி வேற என்னமோ செய்யுது. மிச்சத்தையும் படிச்சுப் பாருங்க."

படித்தேன். அந்த எறும்பு இலையைத் தின்பதே இல்லையாம். புற்றுக்குள் கொண்டுபோய்ப் பொடியாக மென்று, உரம் மாதிரிப் பரப்பி, அதன் மேல் ஒரு வெள்ளைப் பூசணத்தைப் பயிர் செய்கிறதாம். சின்ன எறும்புகள் அதில் களை எடுக்குமாம். அந்தப் பூசணம்தான் சாப்பாடு. புதுசாகப் புற்று வைக்கப் பறந்துபோகிற ராணி, தாய்ப்புற்றிலிருந்து அதில் ஒரு கிள்ளு வாயில் வைத்துக்கொண்டு போகுமாம்.

"உறைமோர் கொண்டு போற மாதிரி" என்றாள் மனைவி. அவளும் எட்டு மாதத்துக்கு முன்பு தாய்வீட்டிலிருந்து ஒரு செம்பில் உறைமோர் கொண்டு வந்தவள்தான். அந்த எறும்பின் மேல் அவளுக்குச் சட்டென்று ஒரு பிரியம் வந்துவிட்டது. "எவ்ளோ சமத்து! பூசணம்னா என்ன அத்தான், நம்மூருப் புத்துக்காளான் மாதிரியா?"

"அந்தச் சொல்லைச் சொல்லாதே" என்றேன்.

மறுநாள் காலையில் வக்கீல் வீட்டுக்கு ஓடினேன். அவர் என்னைத் தலைவர் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். தலைவர் ஊஞ்சலில் இருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் ஊஞ்சல் நின்றது.

"காளானா?"

"காளான் ஜாதிதான் அண்ணாச்சி."

"நோட்டீசு போயாச்சு. தாசில்தார் வாரேன்னு சொல்லியாச்சு. அந்த டாக்டரும் வாரான். இப்ப வந்து எறும்பு காளான் திங்குதுங்கேரு!" கோபம் என் மேலா எறும்பின் மேலா என்று தெரியவில்லை. வக்கீல் தொண்டையைக் கனைத்தார்.

"இலையை வெட்டுறது வாஸ்தவம். தூக்கிட்டுப் போறது வாஸ்தவம். அம்புட்டோட நிப்பாட்டினா அதுல பொய் ஒண்ணும் இல்லையே. கோர்ட்டுல சாட்சி கேட்டதுக்குத்தான் பதில் சொல்லணும். கேக்காததுக்குச் சொல்லக் கூடாது."

"பாதி சொல்லும். போதும்" என்றார் தலைவர்.

சரி என்றேன். எங்கள் பள்ளிக்கூட நிர்வாகஸ்தர் தலைவருக்குச் சம்பந்தி. அன்றைக்கு நான் சரி என்று சொன்னதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

கூட்டத்தன்று மாடியில் இடம் இல்லாமல் படிக்கட்டில் ஆட்கள் உட்கார்ந்தார்கள். தாசில்தார் நடு நாற்காலியில் இருந்தார். பாளையங்கோட்டை டாக்டர் கடைசிப் பெஞ்சில் குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைமையுரை ஒரு மணி நேரம் நடந்தது. எறும்புக்கு இருக்கிற ஞானம் சில டாக்டர்களுக்கு இல்லை என்றார் தலைவர். அது போன பிறவியில் சிவத்தொண்டு செய்த ஜீவன் என்றார். விபூதிப் பையைத் திறந்து, கடல் தாண்டி இருக்கிற எறும்பு வம்சத்துக்கு என்று ஒரு சிட்டிகை எடுத்து மேற்குப் பக்கமாக ஊதினார். மேற்கு ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தும்மினார்கள்.

பிறகு நான் பேசினேன். இலையை வெட்டினேன், குடை பிடித்தேன், வரிசையாக நடந்தேன், பெரிய தலை எறும்புகளைக் காவலுக்கு நிறுத்தினேன். கடைசியில் புற்று வாசலில் இலையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரே கைதட்டல்.

டாக்டர் எழுந்தார். குரலில் கிண்டல் இல்லை. "சாருக்கு ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். உள்ளே கொண்டுபோய் அந்த இலையை என்ன செய்கிறது?"

சாட்சியைக் கேட்டுவிட்டார்கள். நான் தலைவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். வக்கீல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். தினம் முப்பது பிள்ளைகளிடம், தெரிந்ததை மறைக்காதே என்று சொல்கிறவன் நான். நாக்கு தானாகவே அசைந்தது.

"விவசாயம் செய்யுது" என்றேன்.

சபைக்கு அது பிடித்துவிட்டது. "விவசாயமா! நம்ம ஆளுல்லா!" என்று ஒருவர் தொடையைத் தட்டினார். "அமெரிக்காவுலயும் வேளாண்மை இருக்கு பாத்தேரா!" என்றார் இன்னொருவர். தலைவர் முகம்கூட மலர்ந்தது. அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் பயிர் என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் விட மாட்டார்கள்.

"என்ன பயிர்வே?"

"காளான்."

தொடையைத் தட்டினவர் கையை எடுத்துக்கொண்டார்.

"யாரு வேலை செய்யுதா?" பின்னாலிருந்து யாரோ ஒரு பெரியவர், பேச்சைத் திருப்பி விடலாம் என்று நினைத்துக் கேட்டார்.

"எல்லா எறும்பும் செய்யுது. பெரிசு வெட்டுது, நடுத்தரம் மெல்லுது, பொடிசு களை எடுக்குது."

"அப்ப மேற்பார்வை? மிராசுதார் யாரு?"

"அப்படி ஒருத்தரும் அங்க இல்ல."

"எறும்புல ராணி உண்டுன்னு சொல்லுவாகளே?"

"ராணி முட்டை போடும். உத்தரவு ஒண்ணும் போடாது."

முட்டை என்ற சொல் தலைவர் காதில் இரண்டாம் தடவை விழுந்துவிட்டது. இந்தத் தடவை சொன்னவன் சபையின் சொந்த அங்கத்தினன். தலைவர் மாலையைக் கழற்றி மேஜையில் வைத்தார். பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேசினார்கள். காளான் மரக்கறியா இல்லையா என்று ஒரு கட்சி. மிராசுதார் இல்லாத ஊரைப் பற்றி இங்கே பேச்சு எதற்கு என்று ஒரு கட்சி. தாசில்தார் வேறு வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போனார்.

அமளிக்கு நடுவில் டாக்டர் சொன்னார்: "அமெரிக்கா வரைக்கும் போவானேன்? நம்ம ஊர்க் கறையானும் புற்றுக்குள்ளே இதே வேலைதான் செய்கிறது. ஒரு புற்றை வெட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் சண்டை போடலாமே."

தலைவர் எழுந்தார். "என் தோப்புல அஞ்சு புத்து இருக்கு. வாரும், பாத்திருவோம். கறையானாவது காளானாவது!" என்றார்.

இப்படியாக ஒரு கமிட்டி ஏற்பட்டது. தலைவர், வக்கீல், டாக்டர், நான். ஐப்பசி மழை நாலு நாள் கொட்டி ஓய்ந்த ஒரு காலையில் ரயிலேறி அம்பாசமுத்திரம் போனோம். தலைவரும் டாக்டரும் எதிரெதிரே உட்கார்ந்து, வழி முழுக்க ஆளுக்கு ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து வில்வண்டி. தோப்பு ஆற்றங்கரையில் இருந்தது. சேற்றில் வண்டி போகாது என்றார்கள். தலைவர் இறங்கி நடந்தார். தன் சொந்தத் தோப்பு மண்ணில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவையோ என்னவோ, ஒவ்வொரு அடியையும் பைய எடுத்து வைத்தார்.

புற்று என் இடுப்பு உயரம் இருந்தது. அதன் மேல் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. வக்கீல் பாம்பை நினைத்து இருபது அடி தள்ளி நின்று, அங்கிருந்தே விசாரணையை நடத்துவதாகச் சொன்னார். தோப்பில் வேலை பார்க்கிற ஒரு பெண் மண்வெட்டியோடு வந்தாள். நாற்பது வயது இருக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கும்பிடுத புத்து வேண்டாம். அங்கன ஒண்ணு இருக்கு, அதை வெட்டுதேன்" என்று ஓரமாக இருந்த வேறொரு புற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நாலு படித்த ஆட்களுக்கும் அது தோன்றவில்லை.

பக்கவாட்டில் வெட்டினாள். உள்ளே மாடம் மாடமாக அறைகள். ஒவ்வொன்றிலும் பழுப்பு நிறத்தில், கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு உருண்டை. டாக்டர் முழங்காலிட்டு ஒன்றைக் கையில் எடுத்தார். அதன் மேல் ரவை சிந்தின மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். வெளிச்சம் பட்டதும் கறையான்கள் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு இருட்டைத் தேடி ஓடின. புஸ்தகத்தில் இருந்தது கண்முன் இருந்தது. சண்டையெல்லாம் ஒரு நிமிஷம் மறந்து போயிற்று.

"இதுதான் தோட்டம்" என்றார் டாக்டர். "இந்த வெள்ளைதான் பயிர்."

"இதென்ன சாமி அதிசயம்?" என்றாள் அந்தப் பெண். "இது புத்துக்காளான் வெளையுத இடம்லா? மழை விட்டா இதுலேருந்துதான் மொளைச்சு மேல வரும். இன்னா பாருங்க." நாலு அடி தள்ளிச் சருகை விலக்கினாள். வெள்ளைக் குடைகள் கூட்டமாக நின்றன. "இன்னைக்கு விடியக்காலம்தான் ஒரு பொட்டி பறிச்சு ஐயா வீட்டுக்கு ரயில்ல குடுத்துவிட்டோம்."

"எந்த ஐயா வீட்டுக்கு?" என்று தூரத்திலிருந்து வக்கீல் கேட்டார். பழக்கதோஷம்.

"நம்ம ஐயா வீட்டுக்குத்தான். வருஷா வருஷம் குடுத்துவிடுதோம்லா? ஐயாவுக்கு உசுருன்னு தவசுப்பிள்ளை சொல்லுவாவ."

தவசுப்பிள்ளை தலைவர் வீட்டுச் சமையல்காரர். தலைவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சேற்றில் புதைந்த அவர் காலைத்தான் பார்த்தேன்.

"எங்க வீட்ல ஐப்பசி மாசம் செய்யுதது நிலப்பூக் கறி" என்றார் அவர். குரல் சின்னதாக இருந்தது. "தேங்காய் அரைச்சு விட்டு... அது பூ."

"ஆமய்யா, இதுதான்" என்றாள் அவள், சந்தோஷமாக.

திரும்பி வருகிற ரயிலில் தலைவர் காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே வந்தார். டாக்டர் நினைத்திருந்தால் ஜெயித்த சிரிப்புச் சிரித்திருக்கலாம். அவர் திருநெல்வேலி வரும்வரை தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு அன்றிலிருந்து ஒரு மரியாதை.

மூன்றாம் நாள் காலையில் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். தனியாக, நடந்து. வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. உள்ளே பார்த்து, "தாயி, நீ அந்தப் பக்கத்துப் பிள்ளைதான? ஒண்ணு கேக்கணும்" என்றார்.

மனைவி கதவோரம் வந்து நின்றாள். "சொல்லுங்க மாமா."

"நிலப்பூ, நிலப்பூன்னு சொல்லுதாகளே. அது நிசமாவே காளான்தானா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். "காளான்தான் மாமா. எங்க ஊர்ல பெரிய வீடுகள்ல அந்தப் பேரைச் சொல்லித்தான் ஆக்குவாங்க."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும் மாமா."

அவர் திண்ணையில் உட்கார்ந்தார். "தின்னது போகட்டும் தாயி. அறுபது வருஷம் தின்னாச்சு, இனிமே என்ன? எங்க அம்மைக்குத் தெரியும். என் வீட்டுக்காரிக்குத் தெரியும். தவசுப்பிள்ளைக்குத் தெரியும். தோப்புல மண்ணு வெட்டுதவளுக்குத் தெரியும். எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியல. ஏன் சொல்லல?"

மனைவி எப்போதும் போல நேராகச் சொன்னாள்: "நீங்க யாரையும் கேக்கலியே மாமா."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கோபம் இல்லை. அவள் கொண்டுவந்த மோரைக் குடித்துவிட்டு, பைய எழுந்து போனார்.

சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டத்தில் வக்கீல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: நிலப்பூ என்பது பூ, காளான் என்பது காளான், இரண்டும் ஒன்றே என்று சொல்லுகிறவர் அங்கத்தினராக இருக்கத் தகுதியற்றவர். தீர்மானம் நிறைவேறியது. அதன் பேரில் என்னை நீக்கினார்கள். பதினோரு பேர் எதிர்த்து வெளியேறி வேறு சபை தொடங்கினார்கள். அவர்கள் காளானை எதிர்க்கிறவர்களா ஆதரிக்கிறவர்களா என்பது கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. வாடகைக்கு வேறு மாடி கிடைக்காததால் அதே மாடியில் சனிக்கிழமை கூடினார்கள்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் வரவில்லை. பதவியை விட்டுவிட்டதாக ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு, தை மாதம் குடும்பத்தோடு வயல் பக்கம் குடிபோய்விட்டார். என் வேலைக்கும் ஒன்றும் வரவில்லை. சம்பந்தியிடம் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது.

மறு வருஷம் மனைவியின் ஊருக்குப் போயிருந்தபோது, தோப்பில் வேலை செய்கிற அந்தப் பெண்ணைக் கடைத்தெருவில் பார்த்தோம். ஐயா சௌக்கியமா என்று என் மனைவி கேட்டாள். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னத்தச் சொல்ல! விடிஞ்சதும் வரப்புல வந்து நிக்காரு. இது என்ன செடி, அது என்ன பூச்சி, இதை யாரு நட்டா, உன் பேரு என்னன்னு ஒரே கேள்வி. கோரையைக் காட்டி நெல்லுங்காரு. பதில் சொல்லிச் சொல்லியே பொழுது போவுது. களையெடுப்பு பாதியில கிடக்கு. பழையபடி வண்டிக்குள்ள இருந்தே பாத்தா என்னவாம்?"

சொல்லிக்கொண்டே சிரித்துவிட்டாள். வேலை கிடக்கிறது என்று கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கமாக நடந்தாள்.